ஊரிகம் ஏசி ஊற்று

தங்கவயலில், ஊரிகத்தில் இருக்கும் பொதுமக்கள் குறைகேட்பு அலுவலகத்துக்குப் போன கோடையில் ஒரு ஏசி வழங்கப்பட்டது. மக்களின் குறைகளைக் குளிர்ந்த மனத்துடன் கேட்க வேண்டும் என்பது மேலிடத்தின் கருத்து. கட்டடம் சுரங்கக் கம்பெனி காலத்துக் கல் கட்டடம். சுவரில் ஓட்டை போட அனுமதி கேட்டால், அது வருவதற்குள் சுவரே விழுந்துவிடும். அதனால் சக்கரம் வைத்து உருட்டிக்கொண்டு போகிற போர்ட்டபிள் ஏசி வந்தது. அதன் முதுகிலிருந்து தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் கிளம்பி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அறைக்குள் இருக்கும் சூட்டையெல்லாம் வெளியே ஊதித் தள்ளுவது அதன் பணி. அந்த ஜன்னலுக்கு வெளியேதான் மனு கொடுக்க வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

அதிகாரி சிரில் நல்ல மனிதர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். யாருக்கும் எதையும் செய்துவிடவும் மாட்டார்.

அந்தச் சூட்டு வரிசையில் தவறாமல் நிற்பவர் சுலோச்சனா. அலுவலகத்துக்குப் பின்பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருப்பவர். அந்த லைன் குழாய்கள் வறண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. எப்போதாவது வரும் தண்ணீர் லாரியை நம்பித்தான் எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

"சார், எங்க லைன்ல குழாயத் தொறந்தா காத்துதான் வருது."

"காத்தாவது வருதேம்மா," என்றார் சிரில். "சில எடத்துல அதுவும் இல்ல. ஆவன செய்யப்படும், போய் வாங்க."

இப்படி ஆவன செய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் ஏசி நின்றுபோனது. சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தது. குமாஸ்தா எலைன், ஏசியோடு வந்த கையேட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"உள்ள இருக்கிற தொட்டி ரொம்பிடுச்சாம் சார். பின்னாடி அடியில ஒரு ரப்பர் அடைப்பான் இருக்குது. அத எடுத்துட்டா தண்ணி போயிடும். மறுபடி ஓடும்." சொல்லிக்கொண்டே குனிந்தாள்.

"இரும்மா. அது யாரோட வேலை?"

"யாரோட வேலையும் இல்ல சார். பிடுங்கிட்டா வந்துடும்."

"யாரோட வேலையும் இல்லாத வேலைய நீ எப்படிச் செய்வே?"

எலைன் நிமிர்ந்துவிட்டாள். மின்சாரப் பிரிவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அங்கிருந்து வந்தவர் ஏசியைச் சுற்றிவந்து பார்த்து, "கரண்டு நல்லாத்தான் வருது. உள்ள இருக்கிறது தண்ணி. தண்ணியில கை வைக்கக் கூடாதுன்னுதான் எங்களுக்குப் பயிற்சியே குடுத்திருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து தண்ணீர்ப் பிரிவிலிருந்து மேற்பார்வையாளர் மரியகுழந்தை வந்தார். அவர் தன் வேலையை மிகவும் நேசிப்பவர். அதனால் அதைச் செய்து அழுக்காக்கிவிடமாட்டார்.

"இது நாங்க விட்ட தண்ணி இல்லியே சார். நாங்க விட்டிருந்தா இங்க வந்தே சேர்ந்திருக்காது."

"அப்ப எங்கேருந்து வந்துச்சு?"

மரியகுழந்தை கண்ணை மூடி யோசித்தார். குழாய் இணைப்பு இல்லை. லாரி இல்லை. கிணறு இல்லை. ஆனாலும் தண்ணீர் தானாகச் சுரந்து நிற்கிறது. விதிமுறைகளில் அப்படிப்பட்ட பொருளுக்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு.

"ஊற்று," என்றார்.

"ஊற்றா?"

"இயற்கை நீரூற்று. ஊற்றுன்னா எங்க பிரிவுக்கு வருது. நான் தாராளமா தொறக்கலாம்."

ஊற்று என்று முறைப்படி அறிவித்துவிட்டு, மரியகுழந்தை அடைப்பானைப் பிடுங்கினார். தண்ணீர் சிரிலின் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது. ஏசி மறுபடி உறுமியது. எல்லாருக்கும் ஒரே மகிழ்ச்சி.

அதற்கடுத்த வாரம் சுலோச்சனாவின் லைனுக்கு லாரி வரவில்லை. அவர் வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே அலுவலகத்துக்குள் வந்தார்.

"லாரி இன்னா சார் ஆச்சு?"

"உங்களுக்கு இனிமே லாரி கிடையாதும்மா. பக்கத்துலயே நீர் ஆதாரம் இருக்கிற லைனுக்கு லாரி அனுப்பறது விதிக்கு விரோதம்."

"நீர் ஆதாரமா? எங்க இருக்குது?"

சிரில் அடக்கத்துடன் ஏசியைக் காட்டினார்.

சுலோச்சனாவுக்கு முதலில் அழுகை வந்தது. வீட்டில் அரிசி களையாமல் கிடக்கிறது. நேற்றுப் போட்ட பாத்திரம் அப்படியே இருக்கிறது. அழுது என்ன ஆகப்போகிறது என்று அவர் குடத்தைக் கொண்டுபோய் ஏசிக்கு அடியில் வைத்தார். அடைப்பான் தாழ இருந்ததால் குடம் நுழையவில்லை. எலைன் மேசை டிராயரிலிருந்து ஒரு தட்டு எடுத்துக் கொடுத்தாள். தட்டின் அடி மட்டும் நனைந்தது.

"இவ்ளோதானா? இன்னும் கொஞ்சம் குளிர வைங்க சார்."

செய்தி பரவி, லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் தட்டும் தூக்குமாக அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். அப்போதுதான் ஓர் அதிசயம் நடந்தது. ஆட்கள் கூடக் கூடத் தண்ணீரும் கூடியது. மரியகுழந்தை வந்து ஆராய்ந்தார்.

"நீங்க விடுற மூச்சு, உங்க வேர்வை, எல்லாத்தையும் உறிஞ்சித்தான் இது தண்ணியாக்குது," என்றார்.

"அப்ப எங்க வேர்வையவே எங்களுக்குத் திருப்பிக் குடுக்கிறீங்களா?"

"எல்லாத் திட்டமும் அப்படித்தாம்மா. இதுல கண்ணால பாக்க முடியுது, அவ்ளோதான்."

அதன்பின் நிர்வாகத்தில் பெரிய மாறுதல்கள் ஏற்பட்டன. மனுதாரர்கள் வெயிலில் நடந்து வியர்த்து, உடனே அறைக்குள் வர வேண்டும், துடைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். தண்ணீர் இல்லை என்று சொல்ல வருகிறவர்களுக்கு முன்னுரிமை. அவர்கள் கோபத்தில் இருப்பதால் அதிகம் வியர்ப்பார்களாம்.

தங்கம் பிரித்த கழிவு குவிந்து கிடக்கும் சயனைடு மேட்டுப் புழுதி பறந்து ஏசியின் வடிகட்டியை அடைத்தபோது, அதைக் கழுவுவது யார் பொறுப்பு என்று மறுபடி கேள்வி எழுந்தது. சுலோச்சனா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முன்பக்கத்து மூடியைத் திறந்து வலையை உருவி, கழுவி, நிழலில் காயவைத்து மாட்டினார். அடைப்பானைப் பிடுங்குவதும் மாட்டுவதும் அவர் கைக்கு வந்தது. பாசி பிடிக்காமல் தொட்டியை அலசிவிட்டார். சில நாளில், அவர் சொல்லாமல் சிரில்கூட ஏசியைத் தொடுவதில்லை.

லைனின் அந்தஸ்தும் உயர்ந்தது. தங்கவயல் முழுவதும் அதை 'ஏசி லைன்' என்றார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. குடிதண்ணீருக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் போனார்கள். ஆனால் ஏசி தண்ணீரில் அலசிய சட்டை தனி மினுமினுப்பு என்று சொல்லிக்கொண்டார்கள். பக்கத்து ஊரான பேத்தமங்களாவிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்பதற்கு முன்னால், வீடு ஏசி லைனில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

மார்கழி வந்தது. தங்கவயல் குளிரில் பல் கிட்டியது. ஏசியை நிறுத்தலாமா என்று சிரில் கெஞ்சிப் பார்த்தார்.

"ஊத்த எப்படி சார் நிறுத்துவீங்க? இயற்கைன்னு நீங்கதான சொன்னீங்க," என்றார் சுலோச்சனா.

சிரில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுப் பார்த்தார். கடைசியில் தன் நாற்காலியை வெளியே கொண்டுபோய், சூடு ஊதும் குழாய்க்கு எதிரில் போட்டுக்கொண்டார்.

அந்தக் குளிரில்தான், யாரும் எதிர்பாராத விதமாக, அரசாங்கம் ஒரு வேலையைச் செய்துவிட்டது. புதுக் குழாய் பதிக்க ஆட்கள் கடப்பாரையோடு ஏசி லைனுக்கு வந்து நின்றார்கள்.

"குழாய் போட்டா தண்ணி வருமா?" என்று கேட்டார் சுலோச்சனா.

"வீட்டுக்கு வீடு வரும்மா. சோதிச்சுப் பாத்துட்டோம்."

"எல்லா லைனுக்குமா?"

"எல்லா லைனுக்கும்."

"அப்ப ஏசி?"

"அத எடுத்துனு போயிடுவாங்க. குழாய் இருக்கிற எடத்துல ஊத்து எதுக்கு?"

சுலோச்சனா அவர்கள் கொண்டுவந்த வண்டிக்கு அருகில் போனார். வண்டியில் கிடந்த புதுக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். இதற்காக எத்தனை நாள் அந்த ஜன்னலுக்கு அடியில் வெந்திருப்பார். பின்னால் திரும்பிப் பார்த்தார். லைனே வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் வர்ற தண்ணி எங்களுக்கு எதுக்கு?" என்றார். "குழாய எடுத்துனு போங்க."

குழாய்க்காரர்கள் நேராகப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சாம்பியன் ரீப்ஸுக்கு வந்தார்கள். எங்கள் தெருவிலும் தண்ணீர் வந்து ரொம்ப நாளாகிறது. ஆனால் ஊரிகத்துக்காரர்கள் வேண்டாம் என்று தள்ளியதை வாங்கிப் போட்டுக்கொள்ள நாங்கள் என்ன இளிச்சவாயர்களா? முதலில் ஏசி வரட்டும், அப்புறம் குழாயைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்று டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாகவே அனுப்பிவைத்தோம்.