பன்னிரண்டு வருஷத்து அலமாரி

'அலமாரி' என்ற சொல்லைப் பற்றிச் சுந்தரராமனுக்குத் தெரிந்த அளவு கல்பாத்தியில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று வேறு யாருக்கும் தோன்றியதுமில்லை. ரயில்வே குமாஸ்தாவான அவர், ஆபீஸ் நேரம் போக மீதி ஆயுசையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்கே எழுதிவைத்திருந்தார். லத்தீனில் அது ஆயுதம் வைக்கும் இடம். ரோமாபுரிக்காரன் அதில் புத்தகத்தையும் அடுக்கினான். இங்கிலீஷ் மாதாகோவிலில் பூஜைப் பாத்திரம், ஸ்காட்லாந்தில் ரொட்டி, பிரெஞ்சுக்காரன் கையில் துணிமணி. போர்த்துகீசியன் கப்பலேற்றி நம் கரையில் இறக்கினான். இத்தனையும் சீட்டுச் சீட்டாகி, வீட்டுச் சுவரிலிருந்த ஒரே மரத்தட்டை அடைத்துக்கொண்டிருந்தது.

வீட்டில் அலமாரி மட்டும் இல்லை. மனைவி வாலாம்பாளின் புடவைகள் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் கிடந்தன.

"இந்தச் சொல்லைப் பத்தின கட்டுரை முடியட்டும், மறுநாளே அலமாரி" என்பது அவர் கொடுத்த வாக்கு. கொடுத்துப் பன்னிரண்டு வருஷம். ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஒரு பாஷை வந்து ஒட்டிக்கொள்ளும். எழுபத்துநாலில் போலிஷ் வந்தது.

அந்த நவராத்திரிக்கு மூன்று நாள் லீவு போட்டார். "தசமிக்குள்ள முடிச்சுடறேன். யாரும் என்னண்டை பேசப்படாது!" என்று முழங்கினார்.

அஷ்டமி சாயங்காலம் வாலாம்பாள் வந்து நின்றாள்.

"ஏன்னா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இந்தச் சீட்டெல்லாம் வித்தையா, வெறும் காகிதமா?"

"காகிதமா? சாட்சாத் சரஸ்வதியாக்கும்!"

"அப்போ சரி."

அவர் கால் அலம்பிவிட்டு வருவதற்குள் சீட்டுகள் மொத்தமும் பூஜையில் ஏறியிருந்தன. மேலே பட்டுத்துணி, துணிமேல் புஷ்பம், பக்கத்தில் பேனா.

"ஐயோ, வாலாம்பா! எழுதணுமேடி!"

"பூஜை வச்சப்புறம் தசமி வரைக்கும் படிக்கப்படாது, எழுதப்படாது. உங்காத்து வழக்கம்தானே? வேணும்னா வெறும் காகிதம்னு சொல்லுங்கோ, எடுத்துத் தந்துடறேன்."

சரஸ்வதியைப் போய்க் காகிதம் என்பதா? அன்று ராத்திரி எழுதாமலே படுத்துவிட்டார்.

நவமி காலையில் கை சும்மா இருந்தது.

"சும்மாதானே இருக்கேள்? இந்தப் பெட்டியை வெயில்ல எடுத்து வச்சுத் தாங்கோளேன்."

வைத்தார். திறந்தார். அடியிலிருந்து கூறைப்புடவையை அவரே எடுத்துப் பிரித்தார். மடிப்போடு மடிப்பாகக் கிழிந்து கையோடு வந்தது. மழைக்கால ஈரம் தின்று, தகரத்துத் துரு ஜரிகையிலெல்லாம் ஏறியிருந்தது. இந்தப் புடவையோடுதான் இவள் இந்த வீட்டுப் படி ஏறி வந்தாள் என்று நினைத்தபடி கிழிசலைச் சேர்த்துவைத்துப் பார்த்தார்.

"எப்போடி இப்படி ஆச்சு?"

"நீங்க ஸ்பானிஷ் எழுதிண்டிருந்தபோது" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபமிருந்தால் தேவலையே என்று இருந்தது அவருக்கு. "போறது, விடுங்கோ. இனி யார் கட்டிக்கப் போறா?"

ஊரான் ஊரான் அலமாரியில் என்னென்ன வைத்தான் என்று பன்னிரண்டு வருஷம் தேடியவர், தன் பெண்டாட்டி எதில் எதை வைக்கிறாள் என்று ஒரு நாள் குனிந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவளிடம் ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு எலப்புள்ளிக்குப் பஸ் ஏறினார்.

ஆசாரி சின்னையன் பட்டறையில் உளி, வாள், இழைப்புளி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு ஆயுத பூஜையில் இருந்தன.

"சின்னையா, உடனே ஒரு அலமாரி வேணும்! நாளைக்கே!"

"இன்னிக்கு உளியத் தொடமாட்டனுங்க சாமி."

"எத்தனை நாளானாலும் நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன்!" சுந்தரராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவளுக்குத் தெரியாம செய்யணும். அவ அசந்து போகணும், சின்னையா."

சின்னையன் தலையைச் சொறிந்தான். பிறகு மூலையில் கிடந்த சாக்குப் படுதாவை விலக்கினான். ஆளுயர அலமாரி. பலாமரம். மஞ்சளாக மின்னியது.

"உங்கூட்டு அம்மிணி ஆடி மாசமே சொல்லிப்போட்டாங்க சாமி. 'நவமியன்னிக்கி மத்தியானம் அவரே ஓடி வருவாரு, அதுக்குள்ள பாலீஷு காஞ்சிருக்கோணும்'னாங்க."