புகைப்புரையில் உலர்த்திய லேப்டாப்

கொஞ்சம் அறிவியல் தெரிந்த ஆளை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. ஒன்றும் தெரியாதவர் ஒரு பொருளைத் தொடும் முன் யாரிடமாவது கேட்பார். நன்றாகத் தெரிந்தவர் தொடவே மாட்டார். இடையில் நிற்பவர்தான் கை வைப்பார். நான் பதினெட்டு வருடமாக ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். ஆவியாதல் பாடத்தைப் புத்தகம் இல்லாமலே நடத்துவேன். நடந்த கேட்டுக்கு அந்தப் பாடம்தான் காரணம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. வெள்ளறடைக்குப் போகும் சாலையை ஒட்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. என் கணவர் ராஜய்யன் எங்கள் அரை ஏக்கர் ரப்பர் மரங்களில் தாமே பால் வெட்டி, அதை உறைய வைத்து, ஷீட் அடித்து, புகை போட்டு உலர்த்துகிறவர். ஒரே மகள் பிரீதா திருவனந்தபுரத்தில் எம்.காம் கடைசி வருடம். பால் சங்கங்களைப் பற்றி ஓர் ஆய்வேடு கொடுத்தால்தான் பட்டம். எண்பது வீடுகளில் ஏறி இறங்கி விவரம் சேர்த்திருந்தாள். அட்டவணைகளைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். கல்லூரியில் இருந்தது இரண்டே கம்ப்யூட்டர். ஆளுக்கு வாரத்தில் அரை மணி நேரம். அந்த அரை மணியில் கரண்டு போனால் அடுத்த வாரம்தான்.

"வீட்டுக்கே ஒண்ணு வாங்கினா என்ன?" என்று கேட்டவள் நான்.

கேட்ட நாள் முதல் எனக்கு உறக்கம் போயிற்று. விலை கைக்குள் அடங்க வேண்டும், பத்து வருடம் கேடில்லாமல் உழைக்க வேண்டும், எழுதவும் கணக்குப் போடவும் தெரிந்தால் போதும். (இதே மூன்றையும் வைத்துத்தான் எனக்கு மாப்பிள்ளையும் பார்த்தார்கள்.) நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போய், "இது எத்தன வருஷம் நிக்கும்?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தேக்கு மரமாம்மா இது?" என்றார். பிறகு ஸ்டெபிலைசர், யு.பி.எஸ்., தனி மேசை, தூசி உறை என்று அவர் சொல்லிக்கொண்டே போனதைக் கேட்டால், கம்ப்யூட்டருக்கு ஒரு வீடு கட்டி அதில் வாடகைக்கு நாங்கள் இருக்க வேண்டும் போலிருந்தது. எங்கள் ஊரிலோ சாயங்காலம் அரை மணி நேரம் பவர்கட். மற்ற நேரத்தில் பல்பு எரிகிறதா என்று பார்க்கத் தீக்குச்சி உரச வேண்டும்.

அப்போதுதான் துபாயிலிருந்து வந்திருந்த பக்கத்துத் தோட்டத்துச் சுனில், தன் பழைய லேப்டாப்பை விற்கப்போவதாகச் சொன்னான். பேட்டரி உண்டு, பவர்கட் ஒரு பொருட்டில்லை. மேசை வேண்டாம். என் மூன்று ஆசைகளும் ஒரு கறுத்த பைக்குள் அடங்கி வந்தன.

"ஒரு மாசம் கையில வச்சு நோக்குங்க டீச்சர். பிடிச்சா எடுத்தா போதும்," என்றான் சுனில். எங்கள் பக்கத்தில் பசு வாங்கினாலும் அப்படித்தான். இரண்டு நேரம் கறந்து பார்த்த பிறகுதான் கயிறு கை மாறும். போகும்போது ஒன்று மட்டும் சொன்னான்: "தண்ணி மாத்திரம் ஆகாது, கேட்டியளா."

அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிரீதா எழுதினாள். கட்டிலில் சம்மணம் போட்டு, பவர்கட்டிலும் எழுதினாள். மூன்று வாரத்தில் அறுபத்து நாலு பக்கம் ஆயிற்று. அட்டவணைகள் எல்லாம் உள்ளே ஏறின. எனக்கு அவள் பக்கத்தில் போய் நிற்கவே பெருமையாக இருந்தது. அதற்குள் இடவப்பாதிப் பருவமழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழையில் செருப்பில் பூஞ்சை, பெல்ட்டில் பூஞ்சை, உப்பு ஜாடியில் குளம். ஆய்வேட்டைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் கல்லூரி நூலகம் போய் வந்து, மத்தியானம் நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் அச்செடுப்பது பிரீதாவின் ஏற்பாடு.

அன்று அவள் போன பிறகு, மேசையைத் துடைக்கும்போது லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். திரைக்கு உள்ளே ஓரமாகப் பனி மூட்டம் போல் ஒரு மங்கல். பக்கத்தில் கிடந்த இரண்டு ஃபிளாப்பிகளிலும் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. அவை ஆய்வேட்டின் மறுபிரதிகள். சுனில் சொன்னது காதில் கேட்டது: தண்ணி மாத்திரம் ஆகாது.

எங்கள் வீட்டில் ஈரமான எதையும் உலர்த்துவது புகைப்புரைதான். தோட்டத்து மூலையில் ஓடு போட்ட சின்ன அறை. கீழே விறகும் உரித்த தேங்காய்த் தொண்டும் கனன்றுகொண்டிருக்கும். மேலே மூங்கில் கழிகளில் ரப்பர் ஷீட் தொங்கும். மழைக்காலத்தில் பள்ளிச் சீருடையை அங்கேதான் உலர்த்துவோம். ஒருமுறை மழையில் நனைந்த ஐம்பது பரீட்சைப் பேப்பரை உலர்த்தி உயிர்ப்பித்திருக்கிறேன். (பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணோடு கொஞ்சம் புகை மணமும் கிடைத்தது.) கிணற்றடியில் நனைந்து செத்துப்போன ரேடியோ, அங்கே ஒரு பகல் இருந்து வந்து செய்தி வாசித்திருக்கிறது. இவ்வளவு சான்று இருக்கும்போது ஒரு அறிவியல் ஆசிரியை என்ன செய்வாள்?

லேப்டாப்பையும் ஃபிளாப்பிகளையும் சுத்தமான துவர்த்துத் துண்டில் பொதிந்து, தீயிலிருந்து தூரமாக இருக்கட்டும் என்று மேல் கழிகளின் மீது வைத்தேன். அரை மணி நேரம் என்று மனதில் கணக்கு. பத்து நிமிடம் ஆகியிருக்காது, பள்ளியிலிருந்து ஆள் வந்தது. பாடப்புத்தகக் கட்டுகள் லாரியில் வந்து மழையில் நிற்கின்றன, புத்தக அறைச் சாவி என்னிடம். ஈரத்திலிருந்து புத்தகங்களைக் காப்பாற்ற ஓடினேன். காப்பாற்றவும் செய்தேன். திரும்பி வரும்போது மணி இரண்டரை.

பிரீதா குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். "அம்மா, லேப்டாப்ப எங்க வச்சிய?"

"உணங்கப் போட்டிருக்கு மக்கா."

"உணங்கவா? எங்க?"

தோட்டத்துப் பக்கம் கையை நீட்டினேன்.

புகைப்புரைத் தீயருகில் இருந்து எழுந்து வந்த என் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மேல துவர்த்துல பொதிஞ்சிருந்தது அதாக்குமா? உணக்க மீனுன்னுல்லா நினச்சேன். ஷீட்டு ஈரமா கெடக்குன்னு நாலு தொண்டு கூடுதலா போட்டேனே."

புகைப்புரைக்குப் போய் அவர்தான் அதை இறக்கினார். சாம்பல் நிறத்தில் போனது, நன்றாகப் புகைந்த ஷீட்டின் செந்தேன் நிறத்தில் வந்தது. மூடி பாதிக்கு மேல் திறக்கவில்லை. எழுத்துக் கட்டைகள் காற்றில் சாய்ந்த நெல் மாதிரி ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன. ஃபிளாப்பிகள் சுட்ட பப்படம் போல வளைந்திருந்தன. என் கணவர் லேப்டாப்பை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். (ஷீட் தரம் பார்க்கும் பழக்கம். வேண்டுமென்று செய்யவில்லை.)

பிரீதா பொத்தானை அழுத்தினாள். விட்டு, மறுபடி நெடுநேரம் அழுத்திக்கொண்டே நின்றாள்.

அவள் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டது ஒன்றுதான். "எத்தன மணிக்கூர் இருந்தது?"

"மூணரை."

தலையை ஆட்டிவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த ரப்பர் பால் வாளியின் மேல் உட்கார்ந்தாள். "அறுபத்தி நாலு பக்கம்," என்றாள், மழையைப் பார்த்து. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

என் கணவர் அவள் பக்கத்தில் போய்க் குந்தினார். "வீடு வீடா எழுதின எண்பது பேப்பரும் உண்டா?"

"உண்டு."

"பென்சில்ல எழுதின நோட்டு?"

"உண்டு அப்பா. அத வச்சு?"

"அப்போ ஒண்ணும் போகல்ல. எந்திரி."

மழைக்குள்ளேயே பாறசாலை போய், தட்டச்சு நிலையம் நடத்தும் ஸ்டீபன் மாஸ்டரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் மெஷினைத் தொடுகிறவர் அல்ல. ஆனாலும், "பிள்ளைக்க படிப்பாக்கும். ஆராதன முடிஞ்சு வாறேன்," என்று சொல்லி அனுப்பி, சொன்னபடி ஒன்பதரைக்குக் கதவைத் திறந்துவிட்டார். மாஸ்டரின் பெஞ்சில் எண்பது பேப்பரையும் பரப்பி, என் கணவர் பென்சிலால் கூட்டிக் கூட்டி அட்டவணை போட்டார். நான் நோட்டைப் பார்த்து வாசித்தேன். பிரீதா அடித்தாள். பகல் முழுவதும் எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான்: நான் "கமா" என்பேன், அவள் "ம்" என்பாள். நான் "அடுத்த பாரா" என்பேன், அவள் நெம்புகோலைத் தள்ளுவாள். பெற்ற மகளோடு நிறுத்தற்குறிகளில் மட்டும் பேசுவது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மூன்று மணி வாக்கில் மாஸ்டர் கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தார். "டீச்சரே, வீட்டுல கம்ப்யூட்டர் வாங்கியாச்சுன்னு கேட்டேனே. பின்ன எதுக்கு இஞ்ச வந்து கஷ்டப்படுதிய?"

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "அது இன்னும் சரிக்கு உணங்கல்ல மாஸ்டரே."

தட்டச்சுச் சத்தம் நின்றது. பிரீதா மெஷினின் மேல் கவிழ்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவள் நிமிர்ந்தபோது கன்னம் நனைந்திருந்தது. அது எதில் தொடங்கி எதில் முடிந்தது என்று அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கப் பயம். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த பாரா வாசியுங்க அம்மா," என்றாள்.

அம்மா என்ற அந்தச் சொல்லுக்காக நான் அறுநூறு பக்கம் வாசித்திருப்பேன்.

திங்கட்கிழமை அலுவலகம் அடைக்கும் முன் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. பட்டமும் வந்தது. சுனிலிடம் நானே போய்ச் சொன்னேன். அவன் லேப்டாப்பை முகர்ந்து பார்த்தான். "துபாய் சூட்டுல நாலு வருஷம் கெடந்தது டீச்சர். ஒண்ணும் ஆயில்ல," என்றான். அதைப் பேசிய விலைக்கே நாங்கள் எடுத்துக்கொண்டோம். எது வாங்கலாம் என்று மூன்று மாதம் ஊரெல்லாம் கேட்டு நான் நடத்திய ஆராய்ச்சி அப்படி முடிந்தது.

பிரீதா இப்போது கொல்லத்தில் வேலை பார்க்கிறாள். போன வருடம் தானே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். எனக்குச் செய்தி வந்தது வாங்கி ஒரு மாதம் கழித்துத்தான். பார்க்கப் போயிருந்தோம். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மக்கா," என்றேன்.

"கேக்கணும்னு இருந்தேன். முதல்ல விறகடுப்பு இல்லாத வீடு பாருன்னு அப்பா சொல்லீட்டாரு."

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்தேன். வைத்த கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். "சூடா இருக்கே," என்றேன். குரல் எனக்கே அன்னியமாகக் கேட்டது.

பிரீதா சிரிப்பை நிறுத்தினாள். என் கையைப் பிடித்து மெதுவாக மறுபடி அதன் மேல் வைத்தாள். "அது அதுக்க சூடாக்கும் அம்மா. நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்."

இப்போது எங்கள் வீட்டுக்கு எந்தப் புதுப்பொருள் வந்தாலும், பெட்டியின் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். போன மாதம் வந்தது ஒரு தண்ணீர்க் குடம்; அதற்கும் சொன்னார்கள்.