வாசலிலிருந்து அறுநூறு காலடி

"ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, அறுநூறு! இதோ, இங்கதான் கோபுரம்!" என்று சர்வேயர் கையை நீட்டினார். நீட்டிய இடத்தில் ஒரு முள்புதர் இருந்தது.

கல்யாணமான புதிதில், இந்தக் கடலோரப் பறவைகள் சரணாலயத்தின் மரக் கோபுரத்தில் நின்றுதான் அவரும் மனைவியும் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்தார்கள். தொழில் புத்தி யாரை விட்டது? வாசலிலிருந்து கிழக்கே அறுநூறு காலடி என்று அன்றே நோட்டில் குறித்துக்கொண்டார். "அடுத்த வருஷமும் வரலாம்" என்று வாக்கும் கொடுத்தார். பிறகு ஊரார் நிலத்தை அளந்தே முப்பது வருஷம் ஓடிவிட்டது. ஓய்வு பெற்ற கையோடு, அந்த வாக்கைக் காப்பாற்றியே தீருவது என்று கிளம்பி வந்திருக்கிறார்.

"யாரையாவது கேக்கலாமே," என்றாள் மனைவி.

"ஊர் முழுக்க எல்லைக்கல் நட்டவன் நான். என்னைப் போய் வழி கேக்கச் சொல்றியா?"

முட்டிவலியில் காலடி குறுகியிருக்கும் என்று இன்னும் நூறு சேர்த்தார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இவர் கணக்குப் போட்டே விட்டார். முழங்கால்வரை சேறு. ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

"வாசலை இடம் மாத்தியிருக்கானுங்க!" என்று பழைய வாசலைத் தேடித் தெற்கே திரும்பினார். இரண்டாவது செருப்பும் போனது. கரையில் மேய்ந்த உள்ளான் குருவிகள் அவரைக் கண்டு மொத்தமாகப் பறந்தன.

"வெயில் ஏறிட்டா பூநாரை எல்லாம் கடல் பக்கம் போயிடுங்க," என்றாள் அவள்.

சர்வேயர் சேற்றிலேயே நின்றுவிட்டார்.

"அன்னைக்கு உன் முடி பறந்து பறந்து என் மூஞ்சியில அடிச்சுது. அது அப்படியே ஞாபகம் இருக்கு. இடத்தைத்தான் தொலைச்சிட்டேன். இன்னொரு தடவை உனக்குக் காட்டணும்னு எத்தனை வருஷமா..."

"போதும், கையைக் குடுங்க."

அவரைக் கரையேற்றி, பிடித்த கையை விடாமல் புதர்களைச் சுற்றி நடத்திப் போனாள். எதிரே கோபுரம். அதற்கப்பால் நீர் முழுக்கப் பூநாரைகள்.

"பாத்தியா! நான்தான் சொன்னேனே!" சர்வேயருக்குக் கண் கலங்கியது.

நரைத்த மீசைக் காவலர் ஒருவர் கோபுரத்திலிருந்து அவசரமாக இறங்கி வந்தார்.

"வாங்கம்மா! வருஷா வருஷம் தனியாத்தானே வருவீங்க... லீவே கிடைக்காத உங்க வீட்டுக்காரர் இவருதானா?"