அரைக்கேங் அண்ணையும் நாலு பேர் போகும் படகும்

ஒரு மனிதனைப் பாயில் படுக்கவைத்தே சித்திரவதை செய்யக்கூடியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் திருகோணமலை உட்துறைமுக வீதியில், எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். பெயர் அரைக்கேங். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருக்கக்கூடும். வீதியில் ஒருவருக்கும் அது தெரியாது.

முன்பு அவர் துறைமுகத்தில் கங்காணி. கப்பலுக்குள் இறங்கி மூட்டை அடுக்குகிற கூட்டத்தைக் கேங் என்பார்கள். அதில் பாதிப்பேர் வேலை செய்யப் பாதிப்பேர் ஓரமாகப் படுத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஆள் மாறுவார்கள். அதற்குப் பெயர் அரைக்கேங். இதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் அவருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. மனிதர் ஓய்வுபெற்றபோது அதையும் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் வீதியில் ஒரு செத்தவீடு. பெண்கள் எல்லோரும் ஒன்றாய்க் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, இவர் நடுவில் போய் நின்றார்.

"இந்தப் பக்கம் இருக்கிறவை அழுங்கோ. அந்தப் பக்கம் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. எல்லாரும் ஒரேயடியா அழுதால் எடுக்கிற நேரத்தில தொண்டை இருக்காது."

அடிக்க ஆள் வரும் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அந்தப் பக்கம் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போனது!

இப்பேர்ப்பட்டவர் இப்போது வாடகைக்கு ஓட்டும் வானைத்தான் போன ஆகஸ்ட் விடுமுறைக்கு நான் பேசினேன். கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு விளையாட்டுப் பூங்காவுக்கு நான், மனைவி, மகள் மாலதி, சின்னவன் ராகுலன் என்று நாலு பேர். மாலதிக்குக் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், கிடைத்திருந்தது. அடுத்த மாதம் விடுதிக்குப் போகிறாள். அதற்குப் பிறகு நாலு பேரும் சேர்ந்து ஒரு பயணம் போவது எப்போது வாய்க்குமோ தெரியாது. இதை நினைத்து நான் பல நாட்களாகச் சரியாக நித்திரை கொள்ளவில்லை. வெளியில் சொல்லவுமில்லை. வாசல் திறப்பதிலிருந்து பூட்டும்வரை அங்குள்ள எல்லாவற்றிலும் ஏறி இறங்குவது என்பது என் திட்டம்.

பூங்காவுக்குள் கால் வைத்ததும் மாலதி கையை நீட்டினாள். ஒரு பெரிய படகு உயரத்திலிருந்து சரிந்து தண்ணீருக்குள் பாய்ந்தது.

"அப்பா, நாங்கள் நாலு பேரும் ஒண்டா அதில போவம்."

"ஓம் பிள்ளை, முதல் வேலை அதுதான்" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, பின்னால் ஒரு குரல்.

"ஏலாது."

அரைக்கேங் அண்ணை! வானுக்குள் இருக்கவேண்டிய மனிதர் தானே டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தார். கக்கத்தில் பாய். ஒரு கையில் தலையணை, மறுகையில் தேத்தண்ணிப் போத்தல். மரநிழல் ஒன்றைப் பிடித்துப் பாயை விரித்தார்.

"தங்கச்சியும் பிள்ளையும் முதல் கேங். போங்கோ. தம்பியும் சின்னவனும் படுங்கோ."

"அண்ணை, படுக்கிறதெண்டால் எனக்கு வீட்டில கட்டில் இருக்கு!"

"வீட்டில நீங்கள் எங்க படுக்கிறீங்கள்? போன் எல்லோ பாக்கிறீங்கள். படுங்கோ."

மனைவியாவது என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தேன். வழக்கமாகப் பயணங்களில் சாப்பாட்டுப் பைக்கும் கழற்றிப்போட்ட செருப்புகளுக்கும் காவல் இருப்பவள் அவள்தான். அன்று பையை என் மடியில் வைத்துவிட்டு, மாலதியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஆம், ஓடினாள். திருமணமாகி இத்தனை வருடத்தில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

அன்று முழுவதும் என் குடும்பத்தைப் பற்றிய செய்திகள் எனக்குப் பாய் வழியாகத்தான் கிடைத்தன. அண்ணை வாயில் விரலை வைத்து விசில் அடிப்பார். மனைவியும் மாலதியும் வருவார்கள், நானும் சின்னவனும் போவோம். நாங்கள் வருவோம், இவர்கள் போவார்கள்.

"அந்தச் சறுக்கில இன்னொருக்காப் போனனாங்கள்!" என்பாள் மனைவி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

"நாலு பேரும் போற படகு?"

"அண்ணையைக் கேளுங்கோ. எனக்கு ஓய்வு தந்த முதல் ஆம்பிளை அவர்தான். அவரோட நான் சண்டை பிடிக்கமாட்டன்."

பாயில் படுக்கக் கூடாது என்று சொல்ல ஒரு காவலாளி விறைப்பாக வந்தார். அப்பாடா, சட்டம் வந்துவிட்டது என்று எழுந்து உட்கார்ந்தேன். அண்ணை தன் உடைந்த சிங்களத்தில் ஏதோ கேட்டார். அடுத்த முறை நான் திரும்பி வந்தபோது காவலாளி சப்பாத்தைக் கழற்றிவிட்டு என் இடத்தில் படுத்திருந்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு மற்றக் குடும்பங்கள் கவிழத் தொடங்கின. பிள்ளைகள் நிலத்தில் உருண்டு அழுதார்கள். ஒரு தகப்பன் தன் மனைவியைப் பார்த்து, "வரவேண்டாமெண்டு அப்பவே சொன்னனான்" என்று கத்தினார். என் பிள்ளைகளோ அப்போதுதான் எழும்பியவர்கள் போல இருந்தார்கள். இதற்காக நான் அந்த மனிதரைப் பாராட்டுவேன் என்று யாரும் எதிர்பார்க்கவேண்டாம். எனக்கு வேண்டியது களைக்காத பிள்ளைகள் அல்ல. நாலு பேரும் ஒரு படகில் இருக்கவேண்டும். அவ்வளவுதான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எனக்குத் தலை கொதித்தது.

"அண்ணை, இனி உங்கட விசிலுக்கு நான் எழும்பமாட்டன். பிள்ளை அடுத்த மாதம் போறாள். விளங்குதோ? ஒரு தரம், ஒரே ஒரு தரம் நாலு பேரும் ஒண்டா இருக்கோணும். அதுக்குத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தனான்!"

பக்கத்துப் பாய்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் கவனித்தேன், எங்களைப் பார்த்து வேறு சிலரும் பாய் விரித்திருந்தார்கள்.

அண்ணை படகுப் பக்கம் பார்த்தார். காலையில் பாம்பு போல் வளைந்து நின்ற வரிசையில் இப்போது ஒரு ஆளும் இல்லை.

"இப்ப எல்லாரும் போங்கோ" என்றார். "கப்பலில கடைசி மூட்டைத் தூக்குக்கு முழுக் கேங்கும் இறங்கிறதுதான் வழக்கம்."

போனோம். நாலு பேரும் ஒரே வரிசையில். கீழே பாய்ந்ததும் இறங்காமலே திரும்ப மேலே போனோம். எங்களை இறக்கிவிட்டு ஏற்றுவதற்கு அங்கே வேறு ஆளில்லை. இயந்திரத்தை நிறுத்தும்வரை ஏறினோம். மாலதி என் தோளைக் கட்டிப்பிடித்துக் கத்தியதில் காது அடைத்துப்போனது.

கரைக்கு வந்ததும் அண்ணையைப் பிடித்துக்கொண்டேன்.

"கடைசியில எல்லாரும் போகலாமெண்டு காலமையே சொல்லித் துலைச்சிருக்கலாமே!"

"சொன்னால் ஆறுதலாப் படுத்திருப்பீங்களோ? பொறுக்கேலாமல் அப்பவே வரிசையில போய் நிண்டிருப்பீங்கள்."

திரும்பும்போது அவருக்குப் பக்கத்துச் சீட்டை விட்டு, வானின் கடைசிச் சீட்டில் போய் ஏறினேன்.

இந்த ஆகஸ்டும் வந்தது. மாலதிக்குக் கம்பஸில் சோதனை, வர ஏலாது என்று சொல்லிவிட்டாள். சின்னவன் பூங்கா, பூங்கா என்று உயிரை எடுத்தான். வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுக்குப் போனேன். அண்ணை வான் கழுவிக்கொண்டிருந்தார்.

"எத்தினை பேர் தம்பி?"

"மூண்டு பேர் அண்ணை."

கை நின்றது. குழாய்த் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"மூண்டை இரண்டாப் பிரிக்கேலாதே" என்றார். பிறகு சொன்னார்: "சரி. பிள்ளை வருமட்டும் அவவின்ர இடத்தில நான் நிக்கிறன். அந்தப் படகிலயும் ஏறுறன். எனக்குத் தலை சுத்தும், பரவாயில்லை."

வழக்கம்போல் கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. "ஓம் அண்ணை, வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, போய்க் குழாயைப் பூட்டினேன்.