வலப்பக்கம் சும்மா இருக்கிறது

நெய்வேலி டவுன்ஷிப்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய அக்கா சுப்புலட்சுமி அவர்களுக்கு, தம்பி கொளஞ்சிநாதன் வணங்கி எழுதுவது. முத்தாண்டிக்குப்பத்தில் தாங்களும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கு காந்திமதி சுகம். நான் இடப்பக்கம் மட்டும் சுகம்.

வேலியோரப் பலாமரத்துக்குச் சண்டை போட்ட நாளிலிருந்து தாங்கள் என் போனை எடுப்பதில்லை. அதனால் இதை என்னோடு மைன்ஸில் வேலை செய்யும் உங்கள் ஊர் ஜெயராமன் கையில் கொடுத்தனுப்புகிறேன். படிக்காமல் அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சண்முகப்பிரியா பிசியோதெரபி படிக்கிற பெண். உட்கார்ந்தபடி சாயும்போது முதுகுத் தசை எப்படி வேலை செய்கிறது என்று அதற்குக் காலேஜில் ஏதோ புராஜெக்டாம். நேற்று நான் ரெண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, இடுப்புக்கு இரண்டு பக்கமும் பட்டை பட்டையாக ஒட்டி, ஒயர் மாட்டி, முக்காலியில் உட்கார வைத்தது. "விழாம எவ்ளோ தூரம் முடியுமோ அவ்ளோ தூரம் வலது பக்கம் சாயுங்க அங்கிள்" என்றது. சாய்ந்தேன். லேப்டாப்பில் ஒரு கோடு எகிறிக் குதித்தது, இன்னொன்று செத்த பாம்பாகக் கிடந்தது. "சும்மா கிடக்குறது எந்தப் பக்கம்மா?" என்றேன். "வலது பக்கம் அங்கிள், சூப்பர்!" என்றது. பிழைக்காத ஆளிடம்தான் டாக்டர்கள் இப்படிச் சிரித்த முகமாகப் பேசுவார்கள். மேற்கொண்டு கேட்பதற்குள் மைன்ஸ் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. பட்டைகளோடு அப்படியே ஓடினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து வலப்பக்கம் சாய்ந்து, கையைப் பின்னால் விட்டுத் தொட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் கட்டை மாதிரி விறைப்பு, வலப்பக்கம் இட்லி மாவு. "யோவ், மடியிலயே வந்து உக்காந்துக்கய்யா" என்றான் பக்கத்தில் இருந்த ஜெயராமன். கண்ட்ரோல் ரூம் நாற்காலியில் பார்த்தேன், அதே மாவு. வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் பார்த்தேன். "என்னாத்துக்கு இப்டி சாஞ்சி சாஞ்சி தடவிக்கினு கெடக்குற? சாம்பார் ஆறுது" என்று காந்திமதி கத்தினாள். இடப்பக்கம் சாய்ந்து பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை, விழுந்தால் தாங்க அந்தப் பக்கம் சுவர் கிடையாது.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவுக்கும் இப்படித்தானே வந்தது? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே வலப்பக்கம் சரிந்தார். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த நீதான் வேட்டியைப் பிடித்து இழுத்தாய். அப்புறம் அவர் வலக்கை எழும்பவே இல்லை. அதே கை, அதே பக்கம், எனக்கும் வரப்போகிறது. காந்திமதியிடம் சொல்லவில்லை, அவள் பிளாக் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுவாள். நீ உடனே புறப்பட்டு வா. மரம் யாருக்கு வேண்டும்? பாதி கூட வேண்டாம், முழுசும் நீயே எடுத்துக்கொள். கை கால் விளங்குகிறபோதே சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவையும் இடக்கையால்தான்.

இப்படிக்கு,
ஒரு பக்கத்துத் தம்பி,
கொளஞ்சிநாதன்

பின்குறிப்பு: ஜெயராமன் வாசலில் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டான், வேறு கடிதம் எழுத நேரமில்லை. இப்போதுதான் சண்முகப்பிரியா தன் பட்டைகளைக் கேட்டு வந்தது. எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். "பட்டையா அங்கிள்?" என்றது. விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தது. "வலது பக்கம் சாஞ்சா இடது பக்கம்தான் அங்கிள் இழுத்துப் பிடிக்கும். அது இழுக்கலன்னாதான் விழுவீங்க. நல்லா இருக்கிறவங்களத்தான நான் கூப்பிட்டதே!" இடப்பக்கம் சாயச் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தேன். வலப்பக்கம் கட்டை மாதிரி நின்றது அக்கா!

ஆகவே மரம் என்னுடையதுதான், மேலே எழுதியது செல்லாது. ஆனால் நீயும் விட்டுவிடாதே. உன் பக்கம் நின்று இழுத்துக்கொண்டே இரு.