அட்சய திருதியைக்கு ஒரு பொட்டலம் அவல்

"ஒரு கிராமாவது வாங்கியே ஆகணும். இன்னைக்கு வாங்கினா வருஷம் பூரா பெருகுமாம். டிவில அதையேதான் சொல்றான்" என்று தங்கமணி மறுபடியும் ஆரம்பித்தாள்.

பெரியதம்பி ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டுபவர். அட்சய திருதியை ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்ததால், ஷிப்டு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பேப்பர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கீழே எலக்ட்ரிகல் கடை சம்பத்லாலிடம் போய் நின்றார்.

"சேட்டு, உங்க ஜைனருங்களுக்கும் இன்னைக்கு விசேஷந்தானே? தங்கம் வாங்குவீங்களா?"

"வாங்கறவங்க வாங்குவாங்க. ஆனா விசேஷம் அதுக்கில்ல. எங்க சாமி ரிஷபதேவர் துறவியா ஊர் ஊராப் போனாரு. ஜனங்க தங்கத்தை நீட்டினாங்க, யானையை நீட்டினாங்க. சாப்பாடு கொடுக்க ஒருத்தருக்கும் தோணல. அவரு எதையும் தொடல. ஒரு வருஷத்துக்கு மேல பட்டினி. கடைசியில சிரேயாம்சன்னு ஒரு ராஜா கரும்புச்சாறு கொடுத்தாரு. அதைக் குடிச்ச நாள் இது."

"தங்கத்தைத் தொடவே இல்லையா?"

"தொடவே இல்ல."

பெரியதம்பிக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தூக்குவாளி நிறையக் கரும்புச்சாறு வாங்கிக்கொண்டு படியேறினார். யானையோடு நாலைந்து ஒட்டகங்களையும் சேர்த்து மனைவியிடம் கதையைச் சொன்னார்.

தங்கமணி பொறுமையாகக் கேட்டாள். "அப்ப இன்னைக்கு வாங்கறதில்ல, கொடுக்கறதுதான் விசேஷம்?"

"அதேதான்!"

"அப்புறம் நாம மட்டும் குடிச்சா எப்படி? லைன் வீடு பூராவும் கொடுத்துட்டு வாங்க."

இரண்டு வீட்டிலேயே வாளி காலியாகிவிட்டது. வெயிலில் திரும்பத் திரும்பச் சாறு கடைக்கு நடந்தார். கடைசி வீட்டு மங்கம்மாவுக்குக் கெலமங்கலம் பக்கம். வீட்டில் பேச்சு கன்னடம். "எங்களுக்கு இன்னைக்கு பசவ ஜயந்திண்ணா. ஊர்ல மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடிச்சுப் பூஜை பண்ணுவாங்க" என்று சொல்லி, ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரி கலந்த கோசம்பரியை வாளியில் போட்டுக் கொடுத்தாள்.

அதையும் வீட்டில் போய்ச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"மாட்டுக்கே இன்னைக்கு மரியாதை" என்றாள் தங்கமணி, கோசம்பரியை மென்றபடி. "எந்தம்பி என்ன, மாட்டைவிட மட்டமா?"

அவள் தம்பி கௌதம் குருபரப்பள்ளியில் பஞ்சர் கடை வைத்திருந்தான். புதுமனைப் புகுவிழாப் பத்திரிகையில் பெரியதம்பியின் பெயரை விட்டுவிட்டான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. தங்கமணியும் அந்த வாசலை மிதித்ததில்லை.

"மாடும் அவனும் ஒண்ணா? மாடு பத்திரிகை அடிக்காது."

"குசேலர் அவல் எடுத்துக்கிட்டுக் கண்ணனைப் பார்க்கப் போனதும் இதே நாள்லதான். பத்திரிகை வரட்டும்னு அவரு உட்கார்ந்திருந்தாரா?"

பெரியதம்பி யோசித்தார். மச்சினன் வாசலில் போய் நிற்பதற்குத் தங்கம் வாங்குவதே மேல் என்று தோன்றியது.

"சரி விடு. ஒரு கிராம் என்ன, ரெண்டு கிராமே வாங்கிக்கலாம். கிளம்பு."

"தங்கமா? சாமியே தொடலன்னு நீங்கதானங்க சொன்னீங்க!" அவள் அதற்குள் அவலைப் பேப்பரில் மடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் போய்ச் சேரும்வரை, கௌதமிடம் நறுக்கென்று என்ன கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். ஆனால் அவன் இவரைக் கண்டதும் ஜாக்கியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். கிரீஸ் கையோடு நின்றான். கிட்டே வரத் தயங்கினான்.

"நான்தான் சரியா பார்க்காம அச்சுக்குக் கொடுத்துட்டேன் மாமா. நேர்ல வந்து சொல்லப் பயமா இருந்துச்சு."

ஒத்திகை பார்த்ததெல்லாம் பெரியதம்பிக்கு மறந்துவிட்டது. "போடா... இந்தா, அவல் சாப்பிடு" என்றார்.

கௌதம் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். தலைவாழை இலையில் வடை, பாயசம், ரெண்டு வகைப் பொரியல். பெரியதம்பி நெகிழ்ந்துபோய் கௌதமின் மனைவி சத்யப்ரியாவைப் பார்த்தார்.

"சொல்லாம கொள்ளாம வந்துட்டோம். உனக்குத்தாம்மா சிரமம்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்கண்ணா" என்றாள் அவள், பாயசத்தை ஊற்றிக்கொண்டே. "போன வாரமே அண்ணி போன் பண்ணிட்டாங்களே. 'தங்கம் வேணும்னு நச்சரிக்க ஆரம்பிச்சிருக்கேன், தப்பிக்க அவரு எப்படியும் ஒரு கதையோட வருவாரு, ஞாயித்துக்கிழமை எங்களுக்கும் சேர்த்து உலை வெச்சிடு'ன்னு!"