அருளம்பலத்தார் பேரம் பேசி முடித்த ஒற்றைப் பக்கம்

ஒரு பக்கத்தில் நாலு படத்தை வெட்டி ஒட்டுவதற்கு எவ்வளவு நேரம் செல்லும்?

ஒரு சுருட்டுப் புகைந்து முடிய முதல் முடித்துவிடலாம் என்பது அருளம்பலத்தாரின் கணக்கு. முழுச் சுருட்டுக்கூடத் தேவையில்லை, பாதியே காணும். இந்தக் கணக்கை நம்பித்தான் மனுசன் தன் மனைவியோடு ஒரு பேரம் பேசினார். பேசி வென்ற சந்தோசத்தில் அவள் முன்னாலேயே மீசையை வேறு தடவிக்கொண்டார். அந்தத் தடவலை நினைத்தால் இப்போதும் அவருக்கு மீசையை மழித்து எறியலாம் போலிருக்கும்.

அருளம்பலத்தார் லேசுப்பட்ட ஆளில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, முதுகுத் தோல் உரிந்து, கங்காணிமாரிடம் ஏச்சு வாங்கி, அந்தப் படிப்பிலேயே தேறி வந்தவர். வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு, அவர்கள் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான் ஏலத்துக்கு வந்தது. ஊர் நின்று வேடிக்கை பார்த்தது. இவர் வாங்கினார். கட்டில், கயிறு, பித்தளை விளக்கு, கைபிடி உடைந்த பீங்கான் கோப்பை, எதையும் விடவில்லை. வாங்கியதை வீட்டில் அடுக்கி, ஒவ்வொன்றாய் விற்று, ஓடு போட்ட வீடும் கட்டி, இரண்டு பெண்பிள்ளைகளையும் கரைசேர்த்துவிட்டார்.

அவருடைய தொழில் நுட்பம் ஒன்றேயொன்றுதான். எந்தச் சாமானையும் நல்லது என்று சொல்லிவிடக் கூடாது. வாங்கும்போது குறை சொல்வது எல்லாரும் செய்கிற வேலை. அருளம்பலத்தார் விற்கும்போதும் குறைதான் சொல்வார். "இது உமக்குச் சரிவராது. கால் ஆடும். மேலே பார், கீறல். விட்டுட்டுப் போம்." வந்தவன் அந்த இடத்திலேயே கிறங்கிப்போவான். இவ்வளவு குறை சொல்கிற மனுசனுக்கு அதைக் கொடுக்க மனமில்லை, மனமில்லை என்றால் சாமான் முதல்தரம் என்று தானாகவே முடிவுகட்டிவிடுவான். மூதூர், கிண்ணியா, தோப்பூர் வரைக்கும் இது தெரியும். அருளம்பலத்தார் காறித் துப்பினால் சாமான் தங்கம்.

அப்படித்தான் ஏலத்தில் எடுத்த ஒரு நீளத் தேக்கு மேசையையும் அவர் ஆசைதீரக் கரித்துக்கொட்டினார். கேட்டுக்கொண்டிருந்த, ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் தோப்பூர் ஸெய்னுதீன், புதிதாய்த் திறக்கப்போகிற தேத்தண்ணிக் கடைக்கு அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அருளம்பலத்தார் வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்து பார்த்தால், மேசையில் மனைவி கனகம்மா.

மேசையோடு சேர்ந்து வந்த வெள்ளைக்காரப் படப் புத்தகங்கள் ஒரு கட்டுக் கிடந்தன. எழுதாத தடித்த தாள் வைத்துத் தைத்த பெரிய புத்தகம் ஒன்றும் வந்திருந்தது. படப் புத்தகத்தில் உள்ளதை வெட்டி இந்த வெற்றுப் புத்தகத்தில் ஒட்டுகிறாள். பிள்ளைகள் வீட்டில் இருந்த காலத்தில் குசினியை விட்டு வெளியே வராதவள், இப்போது மத்தியானம் சட்டி பானை கழுவிக் கவிழ்த்ததும் முன்னறைக்கு வந்துவிடுவாள். ஒரு தலைப்பில் கத்தரிக்கோல், மறு தலைப்பில் கோதுமை மாவில் பூச்சி அரிக்காமல் துரிசு போட்டுக் காய்ச்சிய பசைச் சட்டி, நடுவில் மகாராணி மாதிரி அவள்.

"கனகம், மேசையை வித்துப்போட்டன். நாளையிண்டைக்கு ஸெய்னுதீன் காக்கா வருவார்."

"வரட்டும். தேத்தண்ணி குடுப்பம்."

"தேத்தண்ணி குடிக்கவோ வாறார்? மேசையை எடுக்க வாறார்."

"இந்தப் புத்தகம் முடிய எடுக்கட்டும்."

"எத்தினை பக்கம் கிடக்கு?"

"அறுவது இருக்கும்."

அருளம்பலத்தாருக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் பேரம் என்று வந்துவிட்டால் கோபத்தை மடியில் கட்டிக்கொள்ளத் தெரிந்தவர் அவர்.

"அறுவதோ? அதுக்குள்ள காக்கா கடையைத் திறந்து, நட்டப்பட்டு, மூடியும் போடுவார். ரெண்டு பக்கம்."

"அரைவாசியாக்குங்கோ. முப்பது."

"ஒண்டு."

"இப்பதானே ரெண்டெண்டனீங்கள்?"

"அது அப்ப. என்னோட இழுத்தடிச்சால் இன்னும் இறங்கும். கொஞ்சத்தால அரைப் பக்கத்தில நிப்பன்."

கனகம்மா பெருமூச்சு விட்டாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். தோற்றவர்கள் வைக்கிற மாதிரியே வைத்தாள். அருளம்பலத்தாருக்கு அந்த மாதிரி நன்றாய்ப் பழக்கம், எத்தனையோ பேரை அப்படி வைக்கப் பண்ணியவர்.

"சரி, ஒரு பக்கம். ஆனால் விலை படிஞ்ச பிறகு மேலே ஒரு கைப்பிடி அள்ளிப் போடுறது சந்தை வழக்கம்தானே. எனக்கும் ஒண்டு போடுங்கோ."

"என்ன போட?"

"பக்கம் முடிஞ்சுதெண்டு நான் சொல்லப்படாது. நீங்கள்தான் பார்த்துச் சொல்லோணும். 'நல்லாயிருக்கு' எண்டு ஒரு சொல்லு. சொன்ன நிமிசம் மேசையில ஒரு தலைப்பை நானே பிடிச்சுத் தூக்கிவிடுறன்."

அருளம்பலத்தார் சிரித்தார். காசா, பணமா, ஒரு வாய்ச்சொல். அப்போதுதான் அந்த மீசைத் தடவல் நடந்தது.

அடுத்த நாள் மத்தியானம் அவள் கூப்பிட்டாள். பக்கத்தில் ஒரு கப்பல், அதைச் சுற்றிக் கடல், ஓரத்தில் ஒரு பசுமாடு. அருளம்பலத்தார் பார்த்தார். 'நல்லாயிருக்கு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"கடலுக்குள்ள மாடு நிண்டு என்ன செய்யுது?"

"கரையில நிக்குது."

"கரை எங்க?"

"அப்ப நல்லாயில்லை."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. மாடு பிழை எண்டு சொன்னனான்."

"பிழையோட முடிக்க ஏலுமே?" என்று கனகம்மா ஈரத் துணியை எடுத்து ஒற்றினாள். மாவுப் பசை அல்லவா, மாடு சாதுவாய்க் கழன்று வந்தது. கூடவே கப்பலும் வந்துவிட்டது. தாள் காய ஒரு நாள். அடுத்த படம் தேட இன்னொரு நாள்.

பிறகு ஒட்டிய கப்பல் மூக்குச் சரிந்து நின்றது. "உந்தக் கப்பல் துறைமுகத்துக்கு வருகுதோ, தாழுதோ?" என்றார். கழன்றது. அதற்குப் பிறகு, ஏதோ ஒரு வெள்ளைக்காரத் தேசத்து மலையை வெட்டி, இதுதான் கோணமலை என்று ஒட்டியிருந்தாள்.

"மலையை ஏன் இடப்பக்கம் வைச்சனீ? கடலிலயிருந்து வாறவனுக்கு மலை வலப்பக்கம். எத்தினை வருஷம் அந்தத் தண்ணியில கிடந்தவன் நான்."

"எனக்கென்ன தெரியும். நான் கடலிலயிருந்து வந்தனானே? வலப்பக்கம் எவ்வளவு தள்ளி?"

"இஞ்ச. இல்லை, இன்னும் கொஞ்சம். தள்ளு, நான் காட்டுறன்."

காட்டப்போனவர் கத்தரிக்கோலையும் எடுத்தார். கடல் மினுங்கவில்லை என்று தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கடைத்தெருவில் தேடிப்பிடித்து வந்தார். வெள்ளித்தாள் மினுங்கிய மினுக்கத்தில் கப்பல் மங்கிப்போனது. அதையும் அவரே சொன்னார். கழன்றது.

ஸெய்னுதீன் காக்கா சொன்ன நாளுக்கு வந்து நின்றார்.

"காக்கா, கொஞ்சம் பொறுக்கோணும். ஒரு பக்கம் முடியேல்லை."

"மேசையில எந்தப் பக்கம் முதலாளி? நாலு பக்கமும் இருக்கே."

"மேசையில இல்லை. மேசைக்கு மேல."

காக்கா மேலே பார்த்தார். முகட்டில் பல்லி ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்த மனுசனுக்குக் கொடுக்க மனமில்லை, சாமான் அப்பிடிப்பட்ட சாமான் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் ஆசை கூடித் திரும்பிப் போனார். அடுத்த முறை வந்தபோதும் இதே கதை. மூன்றாம் முறை ஆள்மூலம் சொல்லியனுப்பினார். கடை திறக்க நாள் வைத்தாயிற்று, வருகிற வெள்ளி தொழுகை முடிய வருவேன், மேசை இல்லையென்றால் கந்தளாயில் ஒருவனிடம் வாங்கிக்கொள்வேன். அருளம்பலத்தார் வாக்கு மாறினார் என்று ஊர் சொல்லும். முதுகுத் தோலை விற்று வாங்கிய பெயர் அது.

கிணற்றடியில் நின்று அவர் புறுபுறுத்ததைப் பக்கத்து வீட்டு நபீஸா வேலிக்கு மேலால் கேட்டாள்.

"என்ன அண்ணன், வாளியோட சண்டையா?"

"உன்ரை அக்காவோட. ஒரு பக்கம் ஒட்ட மாதக்கணக்கு எடுக்கிறாள். உலகத்தில இப்பிடியொரு மந்தமான மனுசியை நான் காணேல்லை."

"அக்கா அண்டைக்கே ஒட்டி முடிச்சிட்டாவே. நான் பார்த்தன். கப்பலும் மாடும். வடிவாத்தான் இருந்திச்சு."

"மாடு கடலுக்குள்ள நிண்டது."

"நிண்டா நிண்டுட்டுப் போகட்டுமே. நீங்க நல்லாயிருக்கு எண்டு சொல்லியிருந்தா அண்டைக்கே மேசை தோப்பூர் போயிருக்கும். முடிக்க விடாதது நீங்கதான்."

அருளம்பலத்தாரின் கையிலிருந்த வாளி கிணற்றுக்குள் தானாகப் போனது.

உலகத்துச் சாமானுக்கெல்லாம் குறை கண்டவருக்குத் தன் தலைக்கு மேல் சுற்றிய கயிறு தெரியவில்லை. பக்கத்தை ஒன்றாகக் குறைத்தோம், குறைத்தோம் என்று துள்ளினாரே, பக்கத்தின் நீளத்தை அவரல்லவா தன் வாயால் நீட்டிக்கொண்டு போயிருக்கிறார். சரி, போகட்டும். சொன்னால் முடிந்தது.

நேரே உள்ளே போனார். பக்கத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பரவாயில்லை."

"அது நல்லாயிருக்கு இல்லை" என்றாள் கனகம்மா.

"குறை சொல்ல ஒண்டுமில்லை."

"அதுவும் இல்லை."

"முந்தினதுக்கு இது திறம்."

"முந்தினதை நல்லாயிருக்கு எண்டு சொன்னனீங்களோ?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாவுப் பசை பரவாயில்லை, ஈரத் துணிக்காவது விட்டுக்கொடுக்கும். கலியாணத்தில் தாலி கட்டிய கையோடு பெண் எப்படி என்று மாமனார் கேட்டதற்கே "கொஞ்சம் உயரம் காணாது" என்ற நாக்கு அது. வெள்ளி வரும்வரை அருளம்பலத்தார் கிணற்றடியில் வாளிக்கும், தென்னைக்கும், நபீஸா வீட்டுக் கோழிக்கும் 'நல்லாயிருக்கு' சொல்லிப் பழகினார். கோழி பயந்து முட்டையிடுவதை நிறுத்திவிட்டது என்று நபீஸா இப்போதும் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை ஸெய்னுதீன் காக்கா கைவண்டிலோடு வந்தார். மூதூர் போகும் லாஞ்ச் படகு புறப்பட அதிக நேரமில்லை, மேசையை ஏற்றிக்கொண்டு ஜெற்றிக்கு ஓடவேண்டும். கனகம்மாதான் அவரை வரவேற்று, அருளம்பலத்தார் பின்னேரங்களில் கால் நீட்டிக் கிடக்கும் சாய்மனைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

"காக்கா காத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ."

அருளம்பலத்தார் மேசைக்கு முன்னால் நின்றார். கண்ணை மூடினார். ஆழக் கடலில் குதிக்கிற மாதிரிச் சொன்னார்.

"நல்லாயிருக்கு."

கோப்பை காக்காவின் உதட்டில் அப்படியே நின்றது.

கனகம்மா மேசைத் தலைப்பைப் பிடிக்க வரவில்லை. சொன்னது போதாதோ என்று அருளம்பலத்தாருக்குப் பயம் பிடித்தது. அணை உடைந்தது. "திறமாயிருக்கு. இதுபோல ஒண்டு இந்த ஊரிலயே இல்லை. ஒரு குறை சொல்ல ஏலாது."

"அப்ப மேசை?" என்றாள் கனகம்மா, மெல்ல.

"மேசைக்கென்ன? அருமையான மேசை. முழுத் தேக்கு. காக்கா, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ."

ஸெய்னுதீன் காக்கா கோப்பையைக் கீழே வைத்தார். எழும்பி வந்து மேசையைத் தட்டிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு அருளம்பலத்தாரின் முகத்தை அதைவிட நேரம் எடுத்துப் பார்த்தார்.

"முதலாளி, இத்தினை வருஷப் பழக்கத்தில உங்கட வாயால ஒரு சாமானை நல்லமெண்டு நான் கேட்டதில்ல. இதில புழு எங்க இரிக்கி எண்டு ஒளிக்காமச் சொல்லுங்க."

"புழுவோ? சத்தியமா இல்லை. முதல்தரச் சாமான்."

"சத்தியம் வேற பண்றீங்க. அப்ப உள்ளுக்கு முழுக்கப் பூந்திட்டு." காக்கா தலையை ஆட்டினார். "எனக்கு மேசை வேணாம். கந்தளாயில பாத்துக்கிறன்." வெறுங்கையோடு போக மனமில்லாமல் சுற்றிப் பார்த்தார். "இந்தச் சாய்மனைக் கதிரை எப்பிடி? முன்னுக்குப் போட்டு நான் இருக்கலாம்."

அருளம்பலத்தார் பதறிப்போனார். வீட்டில் அவர் தனக்கென்று விற்காமல் வைத்திருந்த ஒரே சாமான் அது.

"அது வேண்டாம் காக்கா. பிரம்பு இத்துப் போச்சு. கை கழண்டு வரும். மூட்டைப்பூச்சி. ஒண்டுக்கும் உதவாது."

காக்காவின் முகம் மலர்ந்தது. இதுதான் அவர் அறிந்த அருளம்பலத்தார்.

"அப்ப அதைத்தான் எடுக்கிறன்."

"எடுங்கோ காக்கா" என்றாள் கனகம்மா. "ஒண்டுக்கும் உதவாததெண்டு அவரே சொல்லிப்போட்டார். உங்களுக்காவது உதவட்டும்."

சாய்மனைக் கதிரை கைவண்டிலில் கால்களை மேலே நீட்டிக்கொண்டு ஜெற்றிப் பக்கம் போனது. அருளம்பலத்தார் வாசலில் நின்று அது தெரு முடக்குத் திரும்பும்வரை பார்த்தார். லாஞ்ச் மூதூரைத் தொட முதல், அருளம்பலத்தார் ஒரு மேசையைப் புகழ்ந்த கதை அதிலுள்ள அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அந்த மேசையை இனி இனாமாகக் கொடுத்தாலும் ஒருவன் தொடமாட்டான்.

உள்ளே வந்தார். இருக்க இடமில்லை. மேசையடியில் நீள வாங்குப் பலகை மட்டும் கிடந்தது.

"மேசை உங்கட. ஒப்பந்தப்படி எப்ப வேணுமெண்டாலும் வில்லுங்கோ" என்று கனகம்மா புத்தகத்தில் புதுப் பக்கத்தைத் திருப்பி, கத்தரிக்கோலை அவர் பக்கம் தள்ளினாள். "அதுவரைக்கும் வாங்கை இழுத்துப் போட்டு இருங்கோ. இந்தப் பக்கத்தை நீங்கள் ஒட்டுங்கோ, நான் குறை சொல்லுறன்."